போட்டியாளரை வெறுத்தால்தான் தொழிலில் வளர முடியுமா?

2024 ஜூலை 18 (வாசகர் கேள்வி)

நான் புதுக்கோட்டையில் மூன்று ஆண்டுகளாகத் திருமணங்களுக்குப் புகைப்படம் எடுத்து வருகிறேன். என் கடைக்கு நான்கு கடை தள்ளி இன்னொருவர் இதே வேலையைச் செய்கிறார். காலையில் எழுந்தவுடன் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பார்த்தபின் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடுவதில்லை. சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளரிடம் அவரைப் பற்றித் தரக்குறைவாகப் பேசியும் விட்டேன். "போட்டிக்காரன் மேல் வெறுப்பு இருந்தால்தான் தொழிலில் வளர முடியும், அதை விட்டுவிடாதே" என்று என் மாமா சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

2024 ஜூலை 20

உங்கள் மாமா சொல்வது தவறு. ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆனால் ஆடி மாதத்தில் எங்கள் தொழிலில் எவருக்கும் வேலை இருப்பதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். தொழிலை ஒரு பழைய ஸ்டூடியோவின் இருட்டறையில் கற்றேன். அங்கே என்னோடு இன்னொருவரும் சேர்ந்தார், என் வயதுதான். டெவலப்பர் கலக்குவது, ஹைப்போவில் பிரிண்டை ஊறவைப்பது, நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வது என எல்லாவற்றையும் ஒரே முதலாளியிடம், ஒரே சிவப்பு விளக்கின் கீழ் கற்றோம். 1992ஆம் ஆண்டு மகாமகத்தின்போது முதலாளியின் பிளாஷையும் பேட்டரிப் பையையும் முறை வைத்துச் சுமந்தவர்கள் நாங்கள் இருவரும்தான். 1998இல் நான் தனிக்கடை போட்டேன். 2001இல் அவரும் கடை போட்டார், அதுவும் என் தெருவிலேயே, எதிர்ச்சாரியில்.

அன்றிலிருந்து பல ஆண்டுகள் என்னுடைய நாள் எப்படி இருந்தது என்பதை நான் தீர்மானிக்கவில்லை, அவருடைய கடையின் ஷட்டர் தீர்மானித்தது. அவர் எனக்கு முன்னே கடையைத் திறந்துவிட்டால் எனக்குக் காலை உணவு இறங்காது. இரவில் நான் கடையைப் பூட்டிய பிறகும் அவருடைய பெயர்ப்பலகை எரிந்துகொண்டிருந்தால், உள்ளே ஏதோ பெரிய ஆல்பம் வேலை நடக்கிறது என்று நானே கற்பனை செய்துகொள்வேன். (பின்னாளில் விசாரித்ததில், அவர் பெரும்பாலும் விளக்கை அணைக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.) 2003இல் அவர் வீடியோ மிக்சிங் செய்யும் கருவி ஒன்றை வாங்கினார் என்ற ஒரே காரணத்துக்காக நானும் ஒன்றை 1,80,000 ரூபாய்க்குக் கடனில் வாங்கினேன். அவரிடம் அதை இயக்கத் தெரிந்த ஆள் இருந்தார். என்னிடம் யாரும் இல்லை. நான்கு ஆண்டுகள் அது துணி போர்த்தியபடி கடையில் இருந்தது. வட்டி மட்டும் ஓடியது.

வெறுப்பு என்னை வளர்க்கவில்லை. அது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைத்தது. உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 21

தொகை 1,80,000 அன்று, 1,40,000. என் மனைவி திருத்தினார். அந்தக் கடனுக்காக எந்த வளையல் அடகுக்குப் போயிற்று என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

2024 ஜூலை 24

வாடிக்கையாளரிடம் தரக்குறைவாகப் பேசிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நானும் பேசியிருக்கிறேன். ஒரு பெண்ணின் தந்தை விலை கேட்க வந்திருந்தார். எதிர்க்கடையிலும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். "எடுப்பதெல்லாம் நன்றாகத்தான் எடுப்பார், ஆல்பம் கைக்கு வர ஆறு மாதம் ஆகும்" என்றேன். பாராட்டுவதுபோலத் தொடங்கிக் குத்துவது எங்கள் ஊரில் பழகிய கலை. அந்தப் பெரியவர் நிதானமாக, "உங்களிடம் எத்தனை மாதம் சார் ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார். அப்போது என் மேசைக்கு அடியில் எட்டு மாதமாக முடியாத இரண்டு ஆல்பங்கள் கிடந்தன. அவர் என்னிடமும் வரவில்லை, எதிர்க்கடைக்கும் போகவில்லை, தஞ்சாவூரிலிருந்து ஆள் அழைத்துக்கொண்டார்.

இதில் இன்னொரு கயமை உண்டு. ஆல்பம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் புகைப்படக்காரர் காரணம் அல்லர் என்பது இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். மூவாயிரம் படங்களை அனுப்பி நூற்றைம்பதைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொன்னால், மணமகன் வெளிநாட்டுக்குப் போய்விடுவார், மணமகளின் அத்தை தன் படம் விட்டுப்போயிற்று என்பார், பட்டியல் நம் கைக்கு வருவதற்குள் சில வீடுகளில் வளைகாப்புக்கே தேதி குறித்துவிடுவார்கள். அது என் மீது சுமத்தப்படும்போதெல்லாம் அநியாயம் என்று கொதித்தவன் நான். அதே பழியைத்தான், பொய் என்று தெரிந்தே, அவர் மீது போட்டேன். அவரை அடிக்க எனக்குக் கிடைத்த கல், என் மேல் விழுந்து நான் எடுத்து வைத்திருந்த கல்.

2024 ஜூலை 28

முதல் குறிப்பில் ஒரு முக்கியமான செய்தியை விட்டுவிட்டேன். எனக்கு உண்மையில் எது பயன்பட்டது என்பதை அதில் எழுதவில்லை.

பயன்பட்டது கணக்கு. 2012ஆம் ஆண்டு எனக்கு மிக மோசமாக இருந்தது. விலை கேட்டுவிட்டுத் திரும்பி வராதவர்கள் அந்த ஆண்டில் 14 பேர். அத்தனை பேரையும் எதிர்க்கடைக்காரர்தான் இழுத்துக்கொண்டார் என்று உறுதியாக நம்பி, அதை மைத்துனரிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். மைத்துனர் மளிகைக்கடைக்காரர், புலம்பலைக் காட்டிலும் நோட்டுப்புத்தகத்தில் நம்பிக்கை உள்ளவர். "அந்தப் பதினாலு பேரும் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுது" என்றார். கேட்பதற்கு வெட்கமாக இருந்தாலும், தெரிந்தவர் மூலமாகவும் மண்டப மேலாளர்கள் மூலமாகவும் ஒவ்வொன்றாக விசாரித்தேன். எதிர்க்கடைக்குப் போனவர்கள் 3 பேர். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் 'கேண்டிட்' (போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாக) எடுப்பவர்களை வரவழைத்தவர்கள் 4 பேர். சொந்தக்காரப் பையனிடம் நல்ல கேமரா இருக்கிறது என்று அவனிடமே கொடுத்தவர்கள் 3 பேர். இரண்டு திருமணங்கள் தள்ளிப்போயின. மற்ற இரண்டும் என்னவாயின என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக, பதினான்கில் மூன்று. அந்த மூன்றும்கூட அவர் குறைத்துக் கேட்டதால் போகவில்லை; இரண்டு குடும்பங்கள் அவருடைய மனைவி வழியில் உறவு.

கடையின் மற்ற வருமானத்தையும் அதே நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அதிகமாக விற்ற பிலிம் கொனிகா. அந்த நிறுவனம் 2006லேயே கேமரா, பிலிம் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. ரோல் விற்பனையும் கழுவிப் பிரிண்ட் போடும் வேலையும் அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தன. 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபின், புகைப்படக் கேமராவிலேயே திரைப்படம் போன்ற வீடியோவும் எடுக்கலாம் என்று ஆகி, சன்கன் விளக்கும் தோளில் சுமக்கும் கேமராவுமாக மணமேடையை மறைத்து நின்ற எங்கள் பாணி பழையதாகிவிட்டது. நான் நோட்டுப் போட்ட அந்த 2012ஆம் ஆண்டின் ஜனவரியில்தான், பிலிமுக்குப் பேர்போன கோடக் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, நான் எதிர்ச்சாரியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோடக்கின் மீது பொறாமைப்பட முடியாது, கோபப்படவும் முடியாது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிர்க்கடைக்காரர் கண்ணுக்குத் தெரிந்தார், அவ்வளவுதான்.

2024 ஜூலை 29

பங்காளிக் காய்ச்சல் என்ற சொல்லை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்று தோன்றுகிறது. அடுத்த ஊர் மிராசுதாரின் நூறு ஏக்கரைப் பார்த்துக் காய்ச்சல் வராது. பெரியப்பா மகனின் ஒன்றே முக்கால் ஏக்கரில் போர் போட்டுத் தண்ணீர் வந்துவிட்டால் வரும். சென்னையிலிருந்து வந்து என்னைப்போல் ஐந்து மடங்கு வாங்கிப் போனவர்கள் மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் வருவதில்லை. என் முதலாளியிடம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் 500 ரூபாய் கூடுதலாக வாங்கினார் என்று கேள்விப்பட்டால் தூக்கம் போனது. அவரைப் பார்க்கும்போது, நான் எங்கே இருந்திருக்கலாம் என்பதை யாரோ கணக்குப் போட்டுக் காட்டுவதுபோல் இருந்தது.

2024 ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காவிரியில் தண்ணீர் வந்திருக்கிறது, படித்துறையில் கூட்டம், என்னிடம் கேமரா இல்லை. நல்ல நாள்.

உங்கள் போட்டியாளரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்காமல் இருக்க என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை. வேறு சந்து வழியாகக் கடைக்குப் போன காலத்தில்கூடத் திரும்பும்போது எட்டிப் பார்த்தவன் நான். ஆகவே அதை உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் செய்தது வேறு: பார்த்தபின், எந்தப் படம் குத்தியது, அதில் எது குத்தியது என்று ஒரு வரி எழுதி வைத்தேன். பெரும்பாலும் எழுத ஒன்றும் இருக்காது. அவருக்கு நிறையப் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள் என்பதை எழுதும்போதே சிறுபிள்ளைத்தனம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு படம் திரும்பத் திரும்ப அந்த நோட்டில் வந்தது. எதிர்க்கடைக்காரர் எடுக்கும் தாலி கட்டும் படம்.

அந்த நொடியைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும். கெட்டிமேளம் எழுந்தவுடன் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அட்சதை பறக்கும், யாராவது ஒரு பெரியவரின் கை லென்ஸுக்கு முன்னால் நீளும், மணமகன் குனியும்போது அவனுடைய இரண்டு கைகளும் மணமகளின் முகத்தை மறைத்துவிடும். நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மாப்பிள்ளையின் முழங்கையும் மாலையும்தான் இருக்கும். அவருடைய படங்களில் மணமகளின் கண் இருக்கும். கேமரா, லென்ஸ் என்று பல காரணங்களைத் தேடினேன். கடைசியில் ஒரு திருமணத்துக்கு விருந்தாளியாகப் போய், கூட்டத்தில் நின்று, அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். அவர் நேர் எதிரே நிற்கவில்லை. மணமேடையின் இடப்புறமாக ஒதுங்கி, முழங்காலிட்டு, மணமகனின் கைக்குக் கீழே கிடைக்கும் இடைவெளி வழியாக எடுத்தார். அதற்கும் அரைமணி நேரம் முன்பே, இரண்டாம் மூன்றாம் முடிச்சுகளைப் போடப்போகிற நாத்தனாரைத் தேடிப் பிடித்து, "அக்கா, நீங்கள் குனியாமல் நேராக நின்று முடிச்சுப் போடுங்கள், உங்கள் முகமும் நன்றாக விழும்" என்று சொல்லி வைத்தார். சாஸ்திரிகளிடமும் ஒரு சொல். அவ்வளவுதான் ரகசியம், எங்கள் முதலாளி எங்கள் இருவருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார், இவர் ஒருவர்தான் கவனித்திருக்கிறார்.

அடுத்த முகூர்த்தத்தில் நானும் அப்படியே செய்தேன்.

2024 ஆகஸ்ட் 4

நேற்று எழுதியதை இன்று படித்தபோது, உங்கள் மாமாவிடம் ஓரளவு மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கிறது என்று தோன்றியது. பொறாமை இல்லாதிருந்தால் அந்தத் திருமணத்துக்கு நான் போயிருக்கமாட்டேன், அந்த இடத்தையும் கற்றிருக்கமாட்டேன். ஆனால் பத்தாண்டுக்கு மேல் அவரைப் பார்த்து எரிந்தேன். கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. மாமாவின் கணக்கில் இந்த விகிதத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2024 ஆகஸ்ட் 11

என் வயதுக்காரர்மீது வந்த பொறாமையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். இளையவர்மீது வருவது வேறு வகை. அது நியாயத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வரும்.

2014இல் எங்கள் பகுதி ஸ்டூடியோக்காரர்கள் சிலர் கூடி, திருமணத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 15,000 ரூபாய், அதற்குக் கீழே யாரும் போகக்கூடாது என்று பேசினோம். தொழிலின் மரியாதையைக் காப்பதற்காக என்று நான் உணர்ச்சியோடு பேசினேன். எதிர்க்கடைக்காரரும் ஆமோதித்தார், நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்ற முதல் சந்தர்ப்பம் அது. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் எதிரி கிடைத்திருந்தார் என்பதுதான் காரணம்: 23 வயதுப் பையன், 8,000 ரூபாய்க்குத் திருமணம் எடுத்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

என் ஆடிட்டரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். போட்டியிடும் வியாபாரிகள் தங்களுக்குள் விலையைப் பேசி வைத்துக்கொள்வது போட்டிச் சட்டம் 2002இன் 3ஆம் பிரிவுக்கு விரோதம் என்றும், சங்கமாகக் கூடி முடிவெடுத்தோம் என்பது அதைச் சரியாக்கிவிடாது என்றும், மருந்து வணிகர் சங்கங்களுக்கு அதே சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். எங்களைப்போன்ற சிறு கடைகளை யார் தேடி வரப்போகிறார்கள் என்பது வேறு விஷயம். நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருந்ததற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருந்தது.

பிறகு அந்தப் பையனையே கடைக்கு அழைத்து உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் 80,000 ரூபாய்க்குப் பழைய 5டி மார்க் 2 வாங்கியிருந்தான். அதன் ஷட்டருக்கு (ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே திறந்து மூடும் திரை) நிறுவனம் சொல்லும் ஆயுள் 1,50,000 சொடுக்குகள். இவன் வாங்கும்போதே பாதி ஓடியிருந்தது. ஒரு திருமணத்துக்கு 3,500 என்று வைத்தாலும் இன்னும் இருபத்தொரு திருமணங்கள்தான். 80,000ஐ வகுத்தால் ஒரு திருமணத்துக்கு ஏறத்தாழ 3,800 ரூபாய் கேமராவுக்கே போகிறது. அவன் வாங்கும் 8,000இல் கிட்டத்தட்டப் பாதி. பையன் அதிர்ந்துபோனான். அடுத்த தையில் அவனாகவே கட்டணத்தை 14,000 ஆக்கிவிட்டான். கூட்டம் போட்டு மிரட்டாமல் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததே போதுமாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 13

இத்தொழிலில் உள்ள ஒரு நண்பர் இதைப் படித்துவிட்டு, "ஷட்டர் போனால் ஷட்டரை மாற்றலாமே, பாடியையே (லென்ஸ் நீங்கலான கேமராவையே) ஏன் தூக்கிப் போடவேண்டும்?" என்று கேட்டார். சரியான கேள்வி. மாற்றலாம், பாடியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். எனக்கு அது 2014லும் தெரியும். பையனிடம் சொல்லவில்லை. அவன் விலையை ஏற்றவேண்டும் என்பதற்காகவே கணக்கைக் கடுமையாக்கினேன் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். நான் அன்று குருவாக அமர்ந்து செய்ததும் அந்தக் கூட்டத்தில் செய்ய நினைத்ததும் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. முற்றிலும் வேறு என்றும் சொல்ல முடியவில்லை.

2024 செப்டம்பர் 6

ஆவணி. தொடர்ந்து முகூர்த்தம். எழுத நேரமில்லை, பொறாமைப்படவும்.

2024 டிசம்பர் 22

மார்கழி பிறந்துவிட்டது, மறுபடியும் ஓய்வு. 'அப்படியென்றால் உங்களுக்கு அது முழுவதும் போய்விட்டதா?' என்று ஆவணியிலேயே கேட்டிருந்தீர்கள். இல்லை என்பதை விளக்க 2017இல் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

வைகாசி முகூர்த்தம். திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் எனக்கு வேலை. மாலை மாற்றல் முடிந்து ஊஞ்சல் நடந்துகொண்டிருக்கும்போது என் கேமராவின் ஷட்டர் நின்றுவிட்டது. (ஆம், ஷட்டர். சிரித்துக்கொள்ளுங்கள்.) மாற்றுப் பாடி உதவியாளரிடம், உதவியாளர் அன்று வேறொரு திருமணத்தில், சுவாமிமலையில். தாலி கட்ட முக்கால் மணி நேரம்கூட இல்லை. அந்த ஊரில் முகூர்த்த நாளில் ஒரே காலையில் பல திருமணங்கள் நடக்கும். பக்கத்து மண்டபத்தில் எதிர்க்கடைக்காரர் வேலை செய்துகொண்டிருந்தார். போய்க் கேட்பதா வேண்டாமா என்று வாசலில் நின்ற இரண்டு நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் வாய் திறப்பதற்குள், என் கையில் இருந்ததைப் பார்த்தே புரிந்துகொண்டு, தன் இரண்டாவது பாடியைக் கழற்றிக் கொடுத்தார். அவர் நிக்கான், நான் கேனான். என் லென்ஸ் அதில் பொருந்தாது. ஆகவே லென்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்.

அதன்பின் நடந்தது கேலிக்கூத்து. நிக்கானில் ஜூம் வளையம் கேனானுக்கு எதிர்த்திசையில் சுழலும். இருபது ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகத் திரும்புகிறது. முகத்தை நெருங்க நினைத்தால் பந்தலின் வாழைமரம் வரை விரிகிறது. தாலி கட்டும் நேரத்தில் வளையத்தைத் தொடாமல் ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, முழங்காலிட்டபடியே முன்னும் பின்னும் நகர்ந்து எடுத்தேன். படங்கள் வந்தன.

மாலையில் திருப்பிக் கொடுக்கப்போனபோது நன்றி சொன்னேன். "நம்ம முதலாளி பார்த்திருந்தால் ரெண்டு பேரையும் ஸ்பேர் இல்லாமல் ஏன்டா போனீங்க என்று அடித்திருப்பார்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு மாதம் அவரைப் பற்றி வீட்டில் புகழ்ந்து பேசினேன். பிறகு பழைய எரிச்சல் திரும்பி வந்தது. முன்பு அவர் என்னைவிட நன்றாகத் தொழில் செய்கிறவர் மட்டும்தான். இப்போது என்னைவிட நல்ல மனிதராகவும் ஆகிவிட்டார். நான் அவருக்கு ஒரு பாடியைக் கொடுத்து இந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பு எப்போது வரும் என்று காத்திருந்தேன் என்று எழுதினால், அவருடைய கேமரா கெட்டுப்போகவேண்டும் என்று காத்திருந்தேன் என்றுதான் பொருள்.

2024 டிசம்பர் 29

குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து வீட்டில் எல்லோரும் சதுரங்கம் பேசுகிறார்கள். 37 ஆண்டுகள் இந்தியாவின் முதல் இடத்தில் இருந்த விஸ்வநாதன் ஆனந்தை, 2023 செப்டம்பர் தரவரிசையில் பின்னுக்குத் தள்ளியவர் ஆனந்தே வழிகாட்டி வளர்த்த அந்தப் பையன். எங்கள் 8,000 ரூபாய்ப் பையனை நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 2010இல் சோபியா நகரில் தோபலோவுடன் ஆனந்த் உலகப் பட்டத்துக்கு ஆடி வென்றபோது, தமக்கு உதவியவர்களாகச் சதுரங்க வீரர்கள் காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் ஆகியோரைப் பின்னர் குறிப்பிட்டார். கிராம்னிக் அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் பான் நகரில் ஆனந்திடம் தோற்றவர். கார்ல்சன் மூன்று ஆண்டுகளுக்குப்பின் சென்னையிலேயே வந்து ஆனந்திடமிருந்து பட்டத்தைப் பறித்தவர். போட்டியாளர்கள் இப்படியும் இருக்கலாம் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று எழுதி முடித்துவிட்டேன்.

முடித்தபின் மகன் படித்துவிட்டு, "அப்பா, 2006 எலிஸ்டாவை விட்டுவிட்டீர்களே" என்றான். அங்கே உலகப் பட்டத்துக்காகக் கிராம்னிக்கும் தோபலோவும் மோதிய போட்டியில், கிராம்னிக் அடிக்கடி கழிவறைக்குப் போகிறார் என்று தோபலோவ் தரப்பு புகார் செய்ய, கழிவறையைப் பூட்டி, பெரும் சண்டையாகி, கிராம்னிக் ஓர் ஆட்டத்தை ஆடாமலே இழந்தார். பட்டத்தை மட்டும் விடவில்லை. அப்படிப்பட்டவர் நான்கு ஆண்டு கழித்துத் தோபலோவின் எதிராளிக்கு உதவினார் என்றால், அதில் ஆனந்த் மீதான அன்பு எவ்வளவு, தோபலோவ் மீதான பகை எவ்வளவு? 2014இல் நானும் எதிர்க்கடைக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததும் இப்படித்தானே. உதாரணத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், இரண்டு பக்கமும் தெரிகிறது.

2025 ஜனவரி 5

இங்கே ஒருவர் "அழுக்கற்று அகன்றாரும் இல்லை" என்ற குறளைப் பதிலாக அனுப்பியிருக்கிறார். அழுக்காறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் அது, 170. பொறாமைப்பட்டுப் பெருகியவரும் இல்லை, பொறாமை இல்லாமல் தாழ்ந்தவரும் இல்லை என்கிறது. ஆனால் அதற்கு முந்தைய குறளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பொறாமைக்காரனின் வளமும் நேர்மையானவனின் கேடும் ஆராயத்தக்கவை என்று 169 சொல்கிறது; அதாவது, பொறாமைக்காரன் வளமாக இருப்பதை வள்ளுவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பரிமேலழகர் பழவினை என்று சொல்லி இரண்டையும் இணைத்துவிடுகிறார். எனக்கோ 169தான் நெருக்கமாக இருக்கிறது. நான் பொறாமைப்பட்ட ஆண்டுகளில் வீடு கட்டினேன், பெண்ணுக்குத் திருமணம் செய்தேன், நன்றாகவே சம்பாதித்தேன். வெறுத்ததால் அழிந்தேன் என்று கதை சொன்னால் அது பொய். அந்த ஆண்டுகளின் பல மாலை நேரங்கள் எனக்கு நினைவில் இல்லை, எதிர்ச்சாரிப் பெயர்ப்பலகையைத் தவிர. நஷ்டம் என்று எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

முதல் குறிப்பில் 'வெறுப்பு என்னை வளர்க்கவில்லை' என்று எழுதியதை அப்படியே விடுகிறேன். அது என்னைத் தடுக்கவும் இல்லை என்பதை இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

2025 பிப்ரவரி 9

எதிர்க்கடைக்காரர் 2023இல் கடையை மூடிவிட்டார். மகள் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறார், இவருக்கோ முழங்கால் வலி. அங்கே இப்போது செல்போன் கடை. காலையில் நான் இன்னும் அந்த ஷட்டரைப் பார்த்துவிட்டுத்தான் என் கடையைத் திறக்கிறேன்.

சென்ற வாரம் அவருடைய மகளுக்குத் திருமணம். புகைப்பட வேலை எனக்கு வரும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதைப் பத்திரிகை கைக்கு வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். வரவில்லை, மகளின் விருப்பப்படி சென்னையிலிருந்து ஆறு பேர் கொண்ட குழுவை ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், ஆறு மாதமாகப் புதுக்கோட்டைத் தம்பிக்கு உபதேசம் செய்துகொண்டிருப்பவன்.

போனேன். வேட்டியும் வெறுங்கையுமாக மண்டபத்தில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்பது இத்தொழில் செய்தவர்களுக்குத்தான் புரியும். மணமேடையில் பெண்ணைத் தாரைவார்த்துவிட்டு நகர்ந்த எதிர்க்கடைக்காரர், மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும் நேரத்தில், பெண்ணைப் பெற்றவர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார். சென்னைக் குழுவில் நான்கு பேர் நேர் எதிரே வரிசையாக நின்றார்கள். "முழங்கைதான் விழும்" என்றார் அவர் என் காதில். "மாலையும்" என்றேன். "நாத்தனாரிடம் யாராவது சொன்னார்களா?" "எங்கே சொன்னார்கள்?" கெட்டிமேளம் எழுந்தது. அப்போது குழுவிலேயே இளையவளாகத் தெரிந்த ஒரு பெண், யாரும் சொல்லாமல், இடப்புறமாக ஒதுங்கி முழங்காலிட்டாள்.

அவர் அட்சதை போடவும் மறந்துவிட்டார். "இந்தப் பெண்ணுக்கு யாருய்யா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். அந்தக் குரலில் பாராட்டு இருந்தது, கூடவே நான் நன்றாக அறிந்த இன்னொன்றும் இருந்தது.

2025 பிப்ரவரி 10

திருத்தம். இடப்புறம் என்று ஆகஸ்டிலும் நேற்றும் எழுதியது, மேடையை நோக்கி நிற்பவருடைய இடப்புறம். மணமக்களின் இடப்புறம் என்று எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைத் தம்பி சென்ற முகூர்த்தத்தில் சாஸ்திரிகளின் குடையைப் படம் எடுத்து வந்திருக்கிறார். பெண்ணை எந்தப் பக்கம் உட்காரவைக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வீடு மாறும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.